மேடையில் எழுதாத நான்கு அடிகள்

பாட்டெழுதவும் பாடவும் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னைப் பார்க்க வரும்போது, தேநீர் ஆறுவதற்குள் ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறீர்கள்: தவமலர் தொடக்கத்தில் எப்படி இருந்தார்? அவருடைய பாட்டுகளை மினிபஸ்ஸிலும் கலியாண மண்டபத்திலும் கேட்டு இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டவர்கள் நீங்கள். அவரோடு ஒரே அறையில் நின்று பாடியவள் நான். ஆகவே கேள்வி நியாயமானது. நான் தொடக்கத்தில் எப்படி இருந்தேன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கவனித்திருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒலிப்பதிவைப் பற்றியோ கணினியில் குரலைத் திருத்துவது பற்றியோ உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. நீங்கள் எனக்குச் சொல்லித்தரலாம். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பாட்டின் கண்ணிக்கும் பல்லவிக்கும் இடையில் எட்டுத் தாளம் கிடைக்கும். அந்த எட்டுத் தாளத்துக்குள் ஒரு ஆள் என்ன செய்கிறாள் என்பதில் அவளுடைய தொழில் மட்டும் அல்ல, அவளும் தெரிந்துவிடுகிறாள். எனக்கு அது ஒரு ஆவணி மாதத்தில், இணுவிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் தெரிந்தது.

எங்கள் ஸ்ரூடியோ சுன்னாகம் சந்தைக்கு அருகே, ஒரு விதை, உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வெங்காய லொறிகள் போய் முடிந்த பின்னர்தான் அங்கே பதிவு செய்யலாம். ஸ்ரூடியோவை நடத்தியவரை நாங்கள் அனைவரும் அண்ணை என்றே அழைத்தோம். கீபோட் வாசிப்பதும் அவர்தான், குறை சொல்வதும் அவர்தான். அவரிடம் நான் இருபது ஆண்டுகள் பாட்டெழுதினேன், பாடினேன். எங்கள் வருமானத்தின் பெரும்பகுதி வெளிநாட்டுக் குடும்பங்களிடமிருந்து வந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து, பெண்பிள்ளை வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்தியவீட்டை நடத்துவார்கள். அதற்கென்று தங்கள் குடும்பத்துக்கே உரிய ஒரு புதுப்பாட்டுக் கேட்பார்கள். பிள்ளை மேடையில் இருக்க, தாய்மாமன்மார் ஒவ்வொருவராக வந்து மாலை போடுவார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவருடைய பெயர் பாட்டில் வரவேண்டும். உங்களில் சிலர் இதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறீர்கள். உங்கள் பொப் பாடகி தவமலரின் முதல் மேடை இதுதான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டாங்குரல் பாடி வளர்ந்தவள். இந்தச் சடங்குகளின் ஒழுங்கை வேலைக்கு வந்துதான் கற்றேன். தொடக்கத்தில் ஒரு குடும்பம் அனுப்பிய பட்டியலை அப்படியே பாட்டாக்கினேன். மண்டபத்தில் ஒரு மாமி எழுந்து நின்று, பாட்டில் பெயர் வராத தன் புருசன் செத்துப்போனாரா என்று கேட்டார். அன்று திரும்பி வரும் வழியில் அண்ணை சொன்னார்:

“பட்டியலைக் கேளாதையும், ஜெயமணி. வெளியிலை இருந்து வாற பட்டியல், கதைபேச்சு இருக்கிற ஆக்களின்ரை பட்டியல், கோவக்காரரின்ரை பேர் அதிலை இராது. மேடையிலை ஆர் நிப்பினம் எண்டு இஞ்சை ஒரு வீட்டிலை போய்க் கேளும்.”

அதற்குப் பின் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், அந்தக் குடும்பத்தின் ஊர் வீடு ஒன்றுக்கு நேரில் போய் விசாரிப்பது என் வழக்கமாயிற்று. இருபது ஆண்டுகளில் ஒரு பெயரும் விடுபடவில்லை. இதைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமை இருந்தது.

தவமலர் அந்த உரக்கடையில் கணக்கு எழுதும் எழுதுவினைஞர். சண்டிலிப்பாயில் புகையிலை வைக்கிற குடும்பம். அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. எனக்கு நாற்பத்தொன்பது. இந்த எண்களை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி வந்து நம்மைத் தாண்டிப் போனால், அது வயதின் வேலை என்று சொல்லி ஆறிக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

ஒரு நாள் பிற்பகல், காதில் செருகிய பேனையோடு அவர் மேலே ஏறி வந்தார். நான் ஒரு கலியாணப் பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ,” என்றார். “மத்தியானம் துவங்கி அந்த ரண்டாவது அடியைப் பதினைஞ்சு தரம் படிச்சுப் போட்டியள். கீழை போஞ்சி விதை வாங்க வந்த சனமும் பாடமாக்கிட்டுது. அது வராது, அண்ணை. படிக்கிற ஆளிலை பிழை இல்லை. எழுதினதிலை பிழை.”

“எழுதினவ இவதான்,” என்று அண்ணை என்னைக் காட்டினார்.

தவமலர் கூச்சப்படவில்லை. “அப்ப நல்லதாப் போச்சு. உங்களிட்டையே சொல்லலாம், அக்கா. அந்த அடியிலை மூச்சு எடுக்க இடமில்லை. ரண்டு சொல்லைக் குறையுங்கோ.”

குறைத்தேன். பாட்டு எழுந்து நின்றது. அண்ணை கீபோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “நீர் பாடுவீரோ, பிள்ளை?” என்று அவரைக் கேட்டார். என்னைப் பார்த்து அப்படி அவர் கேட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் பாடிய முதல் பாட்டு அவரே கட்டியது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில், பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதியது. ஒரு பெண் வேண்டுமென்றே பஸ்ஸைத் தவறவிடுகிறாள், தான் பார்க்க விரும்பும் ஆள் அடுத்த பஸ்ஸில் வருவான் என்பதால்.

நாலரை பஸ்ஸும் போட்டுது
நான் சொன்ன சாட்டும் போட்டுது
அஞ்சரை மட்டும் நிக்கிறன்
ஆருக்கெண்டு கேளாதை

நீங்கள் எல்லோரும் இதை அறிவீர்கள். அன்று அந்த அறையில் அது முதன்முதலாகப் பாடப்பட்டபோது, கதவருகே நின்ற தேநீர்க்கடைக்காரர் வெறும் தட்டோடு மூன்று நிமிடம் அப்படியே நின்றார். நான் இருபது ஆண்டுகளாகச் செந்தமிழில் நிலவையும் தென்றலையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு உரக்கடைக்காரி பஸ் நேரத்தை வைத்து அறையை நிறைத்துவிட்டார்.

பொறாமையைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். கதைகளில் வருபவர்கள் கொதிப்பார்கள், நஞ்சு வைப்பார்கள். என்னுடையது அப்படி இருக்கவில்லை. அது ஒழுங்கானது, பொறுமையானது, மரியாதையானது. தவமலர் புதுப்பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தால், அச்சுப்பிழை பார்ப்பவளைப்போல அதை மூன்று தடவை வாசிப்பேன், பிழை கிடைக்குமா என்று. கிடைத்தால் அன்று நன்றாக நித்திரை வரும். “நல்லா இருக்குது, தவமலர்,” என்று சொல்வேன். சொல்லும்போது ‘நல்லா’ என்பதைச் சற்று நீட்டுவேன், கேட்பவருக்கு ஒரு குறை இருப்பதுபோலத் தோன்றட்டும் என்று. நான் இதையெல்லாம் உணராமல் செய்யவில்லை.

தவமலர் கைத்தொலைபேசியில் பாடிய பஸ் பாட்டு எப்படியோ வெளிநாடுகளுக்கும் போய்விட்டது. நோர்வேயிலிருந்து ஒரு தாய், குரற்செய்தி அனுப்பினார். மகள் ஆரணிக்கு ஆவணியில் ஊரில் சாமத்தியவீடு. பாட்டு அந்த பஸ் பாட்டுக்காரியே எழுதிப் பாடவேண்டும். தனக்கு மூன்று அண்ணன்மார், ஒருவர் கனடா, ஒருவர் பிரான்ஸ், ஒருவர் லண்டன். பெயர்களைச் சொன்னார். என் பெயரை அவர் சொல்லவில்லை.

அண்ணை எங்கள் இருவரையும் இருத்தி வைத்துக் கதைத்தார். “இது வடிவாய் நடந்தால், அடுத்த மாதமே அந்த பஸ் பாட்டை முழு வாத்தியத்தோடை பதிஞ்சு வெளியிலை விடுவம். தவமலர், உமக்கு இதுதான் வாசல். ஜெயமணி ரண்டாங்குரல் பாடுவா.”

தவமலர் கடைக்கு இரண்டு நாள் விடுமுறை எழுதிக் கொடுத்தார். பட்டியலில் இருந்த மூன்று பெயரையும் வைத்து மூன்று கண்ணிகள் கட்டினார். ஊர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆள் நான்தான். அண்ணை நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார். தவமலர் கேட்கும்வரை சொல்லத் தேவையில்லை என்று நான் நினைத்தேன்.

சாமத்தியவீட்டுக்கு மூன்று நாள் முன்பு, சுன்னாகத்தில் ஒரு புடவைக்கடையில் சிவபாதம் அண்ணையைக் கண்டேன். அவர் எனக்கு முன்பே பழக்கமான இணுவில்காரர். மணம் முடிக்காதவர். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் வெளிநாடு போக, தாயின் வீட்டைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தார். அந்த வீட்டை விற்க ஒப்புக்கொள்ளாததால் தம்பிமாரும் தங்கையும் அவரோடு கதைப்பதில்லை என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அவர் சென்ற ஆண்டு காலமானார். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

“தங்கச்சி, நல்ல நேரத்திலை வந்தீர்,” என்றார். அவர் முன்னால் இரண்டு பட்டு வேட்டிகள் விரிந்து கிடந்தன. “மாமனுக்கு எந்தக் கரை எடுப்பாய் இருக்கும்? பச்சையோ, அரக்கோ?”

“எந்த மாமனுக்கு, அண்ணை?”

“எனக்குத்தான். தங்கச்சியின்ரை மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாமத்தியவீடெல்லே. பிள்ளைதான் ஃபோன் எடுத்தது. தாய் இல்லை, பிள்ளை. ‘மாமா, நீங்கள் வராட்டி நான் மேடையிலை ஏறமாட்டன்’ எண்டுது. அரைவாசி தமிழ், அரைவாசி எனக்கு விளங்காத பாசை. விளங்கின அரைவாசி போதும்தானே. இப்ப தாயும் வந்து கூப்பிட்டுப் போட்டுது.” அவர் வேட்டியின் கரையைத் தடவினார். “பாட்டு உங்கடை ஸ்ரூடியோ எண்டு கேள்வி. நீர்தானோ?”

“நான் இல்லை, அண்ணை. தவமலர் எண்டு ஒருத்தி. நான் பின்னாலை.”

“பின்னாலை நிண்டாலும் நீர் நிப்பீர்தானே. அது காணும்.”

அரக்குக் கரை எடுக்கச் சொன்னேன். அவர் தனக்குள் சிரித்துக்கொண்டு பணம் செலுத்தப் போனார். நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதே எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பட்டியலில் மூன்று பெயர். மேடையில் நான்கு மாமன்மார். மூத்தவரின் பெயர் பாட்டில் இல்லை.

அன்று மாலை வீட்டில் இருந்து நான்கு அடிகள் எழுதினேன். நாளைக்கே தவமலரிடம் கொடுத்துவிடுவேன் என்று எண்ணித்தான் எழுதினேன், அது உண்மை. தவமலரின் மெட்டுக்கு அளந்து, அவருடைய பாணியிலேயே எளிதாக எழுதினேன்.

அவரவர் திசையில் பறந்தாலும்
அம்மாவின் வாசல் விளக்கேற்றி
சிவபாதம் மாமா இருந்தாரே
செல்லமே உன்னைப் பார்ப்பதற்கே

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, பல ஆண்டுகளாக நான் எழுதியவற்றில் இதுவே சிறந்தது என்று எனக்குத் தெரிந்தது. அங்கேதான் பிழை தொடங்கியது. சாதாரணமான அடிகளாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அடுத்த நாள் ஒத்திகை. தாள் என் கைப்பையில் இருந்தது. பல்லவியின் நடுவில் அண்ணை வாசிப்பை நிறுத்தினார்.

“ஜெயமணி, உம்மடை குரலைக் கொஞ்சம் இறக்கும். தவமலரின்ரை சொல்லை மூடுது.”

“நான் எப்பவும் பாடுற அளவுதான், அண்ணை.”

“எப்பவும் நீர் முன்னுக்கு நிண்டு பாடினனீர். இப்ப பின்னுக்கெல்லே.”

அவர் அதைப் பகிடியாகவே சொன்னார். தவமலர் கூட, “விடுங்கோ, அண்ணை, அக்கா பாடினால்தான் எனக்குப் பயம் இல்லை,” என்றார். அதில் இருந்த அன்பு எனக்கு இன்னும் கசந்தது. தாள் கைப்பையில் இருந்தது. ஒத்திகை முடிந்து கையைக் கழுவும்போது, “வேறை ஏதும் பார்க்க இருக்கோ, அக்கா?” என்று அவர் கேட்டார். “ஒண்டும் இல்லை,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஆரணி பல்லக்கில் வந்து மேடையில் இருந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, பூவின் பாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் அங்கும் இங்கும் ஓட்டிக்கொண்டிருந்தாள். மேடையின் ஓரத்தில் நாங்கள். முதல் மைக்கில் தவமலர், இரண்டாவதில் நான், பின்னால் கீபோட்டில் அண்ணை.

“தாய்மாமன்மார் எல்லாரும் மேடைக்கு வாங்கோ,” என்று அறிவிப்பாளர் அழைத்தார்.

நான்கு பேர் ஏறினார்கள். அரக்குக் கரை வேட்டி முதலில் வந்தது. மூத்தவர் என்பதால் பிள்ளைக்கு அருகில் போய் நின்றார், கையில் மாலையுடன். பாட்டு தொடங்கியது. முதற் கண்ணியில் கனடா மாமாவின் பெயர் வந்தது. சிவபாதம் அண்ணை ஒரு அடி பின்வாங்கி, தம்பிக்கு வழிவிட்டார். இரண்டாவது கண்ணியில் பிரான்ஸ். அவர் இன்னும் ஒரு அடி பின்வாங்கினார். மூன்றாவதில் லண்டன். மூவரும் மாலை போட்டு ஒதுங்கி நின்றார்கள். இடையிசை வந்தது, எட்டுத் தாளம். அதற்குப் பிறகு முடிவுப் பல்லவிதான். சிவபாதம் அண்ணை மேடை நடுவில் மாலையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். போடுவதா, இறங்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதோ நடக்கிறது என்று சபைக்கு விளங்க, நாற்பது ஐம்பது கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. ஆரணியின் தாய் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணை நிலைமையைக் கண்டுகொண்டார். பல்லவிக்குப் போகாமல் அதே எட்டுத் தாளத்தைத் திரும்ப வாசித்தார். பிறகு இன்னொரு தடவை.

தவமலர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண் வேலை செய்துகொண்டிருந்தது. “அக்கா, உவர் ஆர்? உவற்றை பேர் என்ன? பேரை மட்டும் சொல்லுங்கோ, நான் கட்டிப் பாடுறன்.”

இவ்வளவு நேரமும் நான் செய்தது சொல்லாமல் விட்டதுதான். அதற்கு மறதி என்றோ தயக்கம் என்றோ ஒரு பெயர் வைத்திருக்கலாம். இப்போது ஒருவர் என்னிடம் நேரே கேட்டுவிட்டார். பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும். அவர் கட்டிப் பாடியிருப்பார். அதில் எனக்கு ஐயம் இல்லை. ஐயம் இல்லாததால்தான் நான் சொல்லவில்லை.

ஒரு அடி முன்னே வந்து, என் மைக்கில், நானே பாடினேன்.

நான்கு அடிகளும் முடிந்தபோது மண்டபமே கைதட்டியது. ஆரணி, பூவும் நகையுமாக எழுந்து, தானே குனிந்து மாமாவின் மாலையை வாங்கிக்கொண்டாள். தாய் அழுதார். தம்பிமார் மூவரும் தலையைக் குனிந்துகொண்டு அண்ணனின் பக்கத்தில் வந்து நின்றார்கள். சாப்பாட்டுப் பந்தியில் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்தார்கள். “அனுபவம் எண்டால் அனுபவம்தான், ரீச்சர்,” என்றார் ஒருவர். நான் ஆசிரியை அல்ல. திருத்தவில்லை.

அன்று நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதை மறைத்தால் இதை எழுதிப் பயன் இல்லை.

திரும்பி வரும்போது வான் வண்டியில் தவமலர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்தபின் கேட்டார்.

“நாலு அடியும் நல்லா இருந்தது, அக்கா. எப்ப எழுதினனீங்கள்?”

“அப்பதான். மேடையிலை வந்தது.”

“அம்மாவின் வாசல் விளக்கெண்டு பாடினீங்கள். தாயின்ரை வீட்டிலை விளக்கு வைக்கிறவர் அவர்தான் எண்டு மேடையிலை நிண்டு எப்பிடித் தெரிஞ்சது?”

“ஆரோ சொன்னதாய் ஞாபகம்.”

“ஓம்,” என்றார். அதன்பின் சுன்னாகம் வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் நான்கு அடிகளும் கைத்தொலைபேசிகளில் ஊரெல்லாம் போயின. இரண்டாம் நாள் ஆரணியின் தாய் அண்ணையோடு கதைத்திருக்கிறார். பாட்டுக்காரிக்குக் கவனமில்லை என்றும், அனுபவமுள்ள அந்த அக்கா இல்லாவிட்டால் குடும்பத்துக்கே அவமானமாகியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். தான் மூன்று பெயர் மட்டுமே கொடுத்ததை அவர் மறந்துவிட்டார். அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

“பஸ் பாட்டை இப்ப வெளியிலை விடேலாது, ஜெயமணி. பெயர் கெட்டுப் போச்சுது. தவமலர் இன்னும் கொஞ்சக் காலம் பழகட்டும். முன்னுக்கு நீர் நில்லும்.”

நான் விரும்பியது இதுதான். வாய்திறந்து ஒருபோதும் கேட்டதில்லை. படியிறங்கி வரும்போது, கீழே கடையில் தவமலர் தராசில் வெண்டி விதை நிறுத்துக்கொண்டிருந்தார். மெல்லிய குரலில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். புதிய மெட்டு. செய்தி அவருக்கு முன்பே கிடைத்திருக்கும். அப்படியும் அவர் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போனேன். அடுத்த நாளும் அப்படியே போனேன். மூன்றாம் நாள் கடைக்குள் ஏறினேன்.

“தவமலர், உம்மோடை கதைக்க வேணும்.”

“கதையுங்கோ, அக்கா. இந்த ஐயாவுக்கு உரம் குடுத்திட்டு வாறன்.”

அந்த ஐயா போனபின் எல்லாவற்றையும் சொன்னேன், புடவைக்கடை, தாள், ஒத்திகை, மேடை எல்லாம். அவர் பேனையைத் திறப்பதும் மூடுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றார் முடிவில். “எட்டுத் தாளத்திலை அப்பிடி எழுத ஏலாது. நானும் இந்த வேலைதானே செய்யிறன். வானுக்கை இருக்கேக்கை சொல்லுவியள் எண்டு பார்த்தனான்.”

“ஏன் அண்ணையிட்டைச் சொல்லேல்லை?”

“சொன்னால் எனக்குப் பொறாமை எண்டுவினம்.” அவர் சிரிக்கவில்லை. “எனக்குச் செய்ததை விடுங்கோ, அக்கா. அந்த மனுசன் மாலையோடை எவ்வளவு நேரம் நிண்டவர் எண்டு பார்த்தனீங்களோ? அண்ணை அந்த இடையிசையை மூண்டு தரம் வாசிச்சவர். நான் எண்ணினனான். நீங்கள் கைப்பைக்குள்ளை தாளை வைச்சுக்கொண்டு அவரை நிக்க விட்டியள்.”

நான் அதை அதுவரை எண்ணிப் பார்க்கவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன். தவமலருக்குச் செய்ததை மூன்று நாளாக உருட்டிக்கொண்டிருந்தேன். வேட்டிக்கரை தேர்ந்தெடுக்க என்னிடம் உதவி கேட்ட மனிதரை, நான் முன்னே வருவதற்கு ஒரு படியாக வைத்தேன் என்பது மனத்தில் தட்டவே இல்லை. பொறாமை இருவருக்கு இடையில் நடக்கும் காரியம் என்று நாம் நினைக்கிறோம். இடையில் யாராவது மாலையோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

“அண்ணையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ,” என்றார் தவமலர். “அது என்ரை தொழில். பிறகு அந்த மனுசனிட்டைச் சொல்லுங்கோ. அது உங்கடை பாடு.”

அண்ணையிடம் அன்றே சொன்னேன். அவர் கீபோட்டின் மேல் தூசுத்துணியை விரித்து, ஓரங்களை நேராக இழுத்துவிட்டார். “கீழை போய் அந்தப் பிள்ளையை வரச் சொல்லும்,” என்றார். அவ்வளவுதான். என்னை அவர் ஒருபோதும் ஏசவில்லை. பஸ் பாட்டுப் பதிவுக்கு நாள் குறித்தார். ஆரணியின் தாயிடமும் தானே கதைத்து, பிழை பாட்டெழுதியவருடையது அல்ல என்று சொன்னார். யாருடையது என்று சொல்லவில்லை.

பொறாமைப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். இந்தத் தொழிலில் அது இல்லாமல் இருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. என்னிடமிருந்து அது இன்றைக்கும் போகவில்லை. சொல்லவேண்டியதை உரிய நேரத்தில் சொல்லிவிட்டுப் பொறாமைப்படுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்குத் தேவை என்றால், உங்கள் கைப்பையில் அது இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கனம் ஏறும். அதை இறக்கி வைத்தபின் உங்கள் மனம் என்ன பாடுபட்டாலும் அது உங்களுக்கு மட்டும்தான்.

இரண்டு கிழமை கழித்து, பதிவு நாளான சனிக்கிழமை காலை, இணுவிலுக்குப் போனேன். சிவபாதம் அண்ணை முற்றத்தில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை அப்படியே போட்டுவிட்டு, கதிரை கொண்டுவந்து துடைத்தார்.

“இரும், தங்கச்சி. தேத்தண்ணி வைக்கிறன். நானே வரவேணும் எண்டு இருந்தனான்.”

“வேண்டாம், அண்ணை. ஒரு விசயம் சொல்லவேணும். அண்டைக்கு மேடையிலை...”

அப்போது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. சட்டைப்பையிலிருந்து என் குரல் வந்தது. அவரவர் திசையில் பறந்தாலும். அவர் தொலைபேசியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எடுக்காமல் இருந்தார். நான்கு அடிகளும் முடிந்தபின்தான் காதில் வைத்தார்.

“ஓம், சொல்லு... இஞ்சைதான் நிண்டனான்... பாட்டு முடியட்டும் எண்டு விட்டனான்... சரி, சரி, ஏசாதை.” வைத்துவிட்டு என்னைப் பார்த்து வெட்கப்பட்டதுபோலச் சிரித்தார். “பிரான்சுத் தம்பி. இப்ப ரண்டு நாளைக்கு ஒருக்கா எடுக்கிறான். மணியா இதைப் போட்டுத் தந்தது பிள்ளைதான். அண்டைக்கு அவ்வளவு சனத்துக்குள்ளை விசரன் மாதிரி நிண்டன், தங்கச்சி. இறங்கி வீட்டை போவம் எண்டு ஒரு காலும் எடுத்தனான். அப்ப என்ரை பேர் கேட்டுது. என்ரை பேரை ஒரு பாட்டிலை ஆர் வைப்பினம்?” தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டு, மேலால் ஒரு தட்டுத் தட்டினார். “நீர் ஏதோ சொல்ல வந்தனீர்.”

“சும்மா பார்க்க வந்தனான், அண்ணை,” என்றேன்.

தேத்தண்ணீர் குடித்தேன். ஒரு சீப்பு வாழைப்பழம் தந்துவிட்டார். அதைச் சுமந்துகொண்டு நேரே உரக்கடைக்குப் போனேன்.

“சொன்னனீங்களோ?” என்று தவமலர் கேட்டார்.

“இல்லை.” தொலைபேசி அடித்ததைச் சொன்னேன். அவர் தாயின் வீட்டு முற்றத்தில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்த விதத்தையும் சொன்னேன்.

தவமலர் கணக்குக் கொப்பியை மூடிவைத்தார்.

“அப்ப அவரிட்டைச் சொல்ல வேண்டாம்,” என்றார்.

“அப்ப நான் என்ன செய்யிறது, தவமலர்?”

“ஒண்டும் செய்யேலாது. அதை அவரிட்டை இறக்கி வைச்சால் உங்களுக்குச் சுகம், அவருக்கு ஒண்டும் மிஞ்சாது. நீங்களே வைச்சிருங்கோ, அக்கா.” எழுந்து கடைச் சாவியை எடுத்தார். “மூண்டு மணிக்குப் பதிவு. நான் வந்து கூப்பிடமாட்டன்.”

மூன்று மணிக்குக் கால் மணி இருக்கையில் நான் மேலே போய், இரண்டாவது மைக்கின் முன்னால் நின்றேன்.